கொழும்புச் சொந்தம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "நீங்க சிலோன் போய்ட்டு வந்ததைப் பற்றிப் பேசுங்க, எல்லாரும் ஆர்வமாக் கேப்பாங்க" என்றார். சுற்றுலாப் பேச்சு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். கண்டியும் நுவரெலியாவும் நான் பார்க்கவில்லை. நான் போனது சொந்தக்காரர்களைத் தேடி. அதிலே ஒரு வீட்டு விவகாரமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இந்த மண்டபத்திலே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு கொழும்புக் கதை இருக்கும். நாடார் வீடுகளில் கொழும்புக் கடை. காயல்பட்டினத்துக்காரர் வீட்டில் இரத்தினக்கல் வியாபாரம். எங்களைப் போன்ற பரதவர் வீடுகளில் தோணி, சிப்பி, கருவாடு, அப்புறம் கல்யாணம். நமக்குச் சென்னை தூரம், கொழும்பு பக்கம். கடலைத் தாண்டினால் ஏறத்தாழ 150 மைல்தான். ரயில் தூத்துக்குடிக்கு வந்தது 1876-ல். அதற்குப் பிறகு 1914 வரைக்கும் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் நம்ம ஊருக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் ஐந்தாறு மைல் வெளியே நிற்கும். படகில் போய் ஏறணும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி விட்டதும் இந்தத் தூத்துக்குடி - கொழும்புத் தடத்தில்தான். 1914-ல் பாம்பன் பாலம் வந்தது, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நாம் படிக்கிற காலத்தில், 1974 ஜூலையில், புதுத் துறைமுகம் திறந்தபோது எங்கள் வகுப்பே வேடிக்கை பார்க்கப் போனது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். "இனிமே கொழும்புக்கு நேரா கப்பல்ல போலாம்லே" என்று அன்றைக்குப் பேசிக்கொண்டோம். பயணிகள் கப்பல் வந்தது 2011 ஜூனில். ஸ்கோஷியா பிரின்ஸ் என்று பெரிய கப்பல். நவம்பரிலே நின்றுவிட்டது.

அந்தக் கப்பலில் போகத்தான் எங்கப்பா எழுபத்தொன்பது வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது, கப்பல் போய்விட்டது. விமானத்தில் கூட்டிப் போகிறேன் என்றால், "பிளேன்ல எனக்கு வேண்டாம்" என்றார். அடுத்த வருஷம் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பார்க்க நினைத்தது தன்னுடைய அத்தையின் குடும்பத்தை.

உறவைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவின் அப்பா தோணிக்காரர். அவருக்கு இரண்டே பிள்ளைகள்: எங்க தாத்தா, தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சியை 1935-ல் நீர்கொழும்பில் கட்டிக் கொடுத்தார்கள். பையன் வீடு அங்கே மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த பரதவக் குடும்பம். அந்தக் காலத்தில் இது புதிதே இல்லை. இங்கிருந்து போனவர்கள் கொழும்பில் பெரிய கம்பெனிகள் நடத்தினார்கள். ஐ. எக்ஸ். பெரைரா அங்கே சட்டசபையிலேயே இந்தியர்களுக்காகப் பேசியவர்.

போக்குவரத்து நிறையவே இருந்திருக்கிறது. 1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் யார் அந்த நாட்டுக்காரர், யார் இந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி வந்தது. 1949-ல் வந்த சட்டப்படி பாட்டி வீட்டுக்காரர் பதிவு செய்துகொண்டு அந்த நாட்டுக் குடிமகனானார். எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் தள்ளுபடியானது. அவர்களுக்காகத்தான் 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இங்கே, மூன்று லட்சம் பேர் அங்கே என்று ஆளை எண்ணிப் பிரித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. தாத்தா 1966-ல் இறந்தார். கடிதம் குறைந்தது. 1983 கலவரத்துக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. அப்படியே விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

எப்படித் தேடினேன் என்று பலர் கேட்கிறீர்கள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். அப்பா பெட்டியில் கிடைத்த உறையில் விலாசம் அழிந்திருந்தது. எனக்குக் கை கொடுத்தது கோவில் பதிவேடு. கத்தோலிக்கக் கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பிற்காலத்தில் கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும், அந்தக் கோவிலிலிருந்து ஞானஸ்நானம் கொடுத்த கோவிலுக்குத் தகவல் அனுப்புவார்கள். அதைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஓரத்தில் எழுதி வைப்பார்கள். பாட்டி பெயருக்கு எதிரே, மங்கிப்போன மையில், லத்தீனில், கல்யாணத் தேதியும் மாப்பிள்ளை பெயரும் நீர்கொழும்பு என்ற ஊர்ப் பெயரும் இருந்தது. எண்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சாமியார் சோம்பல்படாமல் எழுதியது.

தேடுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நம்ம ஊரில் கோவா ஆட்சிக்கு உட்பட்ட கோவில், இயேசு சபையார் கோவில் என்று அந்தக் காலத்தில் இரு பிரிவு இருந்தது. 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் ஏற்பட்டு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். அதற்கு முந்தைய பெயர் ஒரு கோவிலில் இல்லையென்றால் மற்றதில் பாருங்கள். இரண்டாவது, பர்னாந்து என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தேடிப் போகாதீர்கள். நம்ம ஊரிலும் பர்னாந்து, நீர்கொழும்பிலும் தெருவுக்கு நூறு பர்னாந்து. ஞானப்பெற்றோர் பெயரைப் பாருங்கள், அதில்தான் உறவு பிடிபடும். உங்கள் ஆட்கள் டச்சுக்காரர் காலத்திலேயே, அதாவது 1796-க்கு முன்னாலேயே, அங்கே போயிருந்தால் கொழும்பில் தேசிய சுவடிக் கூடம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் எழுதிய தோம்பு ஏடுகளில் நிலம், குடும்பம் எல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

நீர்கொழும்புப் பங்குக்கு எழுதிப் போட்டேன். ஏழு வாரத்தில் ஒரு போன் வந்தது. பேசியவருக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு பேரும் நம்ம கல்லூரி ஆங்கிலத்தில் பேசினோம். அவர் என் பாட்டியின் பேரன்.

இதுவரைக்கும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். போகிறேன் என்று சொன்னதும் அண்ணன் முகம் மாறியது. தோணிக்காரர் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது, கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். விற்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சொன்னார், "நீ சும்மா கெடக்குறவுகளைப் போயி எழுப்பி விடாதே. பங்குன்னு வந்து நின்னா என்ன செய்வே?" அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. திருவிதாங்கூர்ப் பக்கம் 1986-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரும் வரைக்கும் வேறு மாதிரி இருந்தது. நம்ம பக்கம் எப்போதும் சமபங்குதான். தோணிக்காரர் உயில் எழுதவில்லை. அப்படியானால் வீட்டில் பாதி நீர்கொழும்புப் பாட்டியுடையது. எங்கள் மூன்று பேருக்கும் மற்றப் பாதி. சட்டம் தெரிந்தே எழுபது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசியது கிடையாது. "பொம்பளப் பிள்ளைக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே" என்பதோடு சரி. நான் அண்ணனிடம் போய்விட்டு வந்து பேசுவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். 2017 ஜனவரி.

மதுரையிலிருந்து விமானத்தில் ஏறி, கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கட்டுநாயக்கா வந்துவிட்டது. அங்கிருந்து நீர்கொழும்பு அரை மணி நேரம். கையில் இரண்டு டப்பா மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்த்துப் போடுவது, ஊதினால் உடையும், அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

பாட்டி 1976-லேயே இறந்துவிட்டார். இருந்தது அவருடைய மகள், 1938-ல் பிறந்தவர். எங்கப்பாவுக்கு அத்தை மகள், அதாவது முறைப்பெண். எனக்குச் சின்னம்மா முறை. கப்பல் ஒழுங்காக ஓடியிருந்தால் எனக்கு அம்மாவாகவே வந்திருக்கலாம் என்று நான் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் தமிழ் பேசுவது அவர் ஒருத்திதான். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்! "வந்தியளா, இருங்க, அவுக இப்ப வருவாக" என்று அசல் தூத்துக்குடிப் பேச்சு. நம்ம பிள்ளைகள் இன்றைக்கு டிவி பார்த்து மறந்துபோன சொல்லெல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. "ஆமாலா, சொன்னேம்லா" என்று அந்த 'லா' வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் 1958 பங்குனி மாதம் அம்மாவோடு இங்கே வந்திருக்கிறார். 1955 முதல் 1961 வரை வருஷாவருஷம் இங்கே முத்துச் சலாபம் நடந்தது. கடைசிச் சலாபங்கள் அவை, அப்புறம் இன்றுவரை இல்லை. சிப்பி அழுகும் வாடையும் ஈயும் தாங்காமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். மே மாதம் திரும்பிப் போயிருக்கிறார்கள். போன சில வாரத்தில் அங்கே தமிழருக்கு எதிராகக் கலவரம். அன்றைக்கு அவருடைய அப்பா வாசல்படியைத் தாண்டினால் தமிழ் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடமும் சிங்களமாயிற்று. வாசலுக்கு வெளியே நின்றுபோன தமிழ் அடுத்த தலைமுறையில் வீட்டுக்குள்ளும் நின்றுபோயிற்று. இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, குடை பிடித்தோம் என்பது மாதிரி சொன்னார். இலங்கைக் குடிக்கணக்கில் பரதர் என்று தனி இனமாகவே எழுதுகிறார்கள், 2012 கணக்கில் சுமார் 1,700 பேர்தான். இந்தப் பிள்ளைகள் தங்களை அதில் எழுதினார்களா என்று கேட்டேன். மூத்தவன் எழுதியிருக்கிறான், இளையவன் சிங்களவர் என்று எழுதியிருக்கிறான். ஒரே வீடு, ஒரே தாய்.

ஆனால் ஒன்று பாருங்கள். மொழி போனாலும் முறை போகவில்லை. அவர்களுக்கும் அக்கா அக்காதான், மாமா மாமாதான், மச்சினன் 'மஸ்ஸினா'. போனில் பேசிய மூத்தவன் என்னை 'அய்யா' என்று கூப்பிட்டான். நம்ம காதுக்கு அது பெரிய மரியாதை. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். நான் அவனை 'மல்லி' என்று கூப்பிடப் பழகினேன். அது தம்பி. முறை பிசகாமல் எண்ணிச் சரியாக வந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்து சின்னம்மா நேராகவே கேட்டார். "வீட்டை வித்தாச்சாய்யா?" நான் இன்னும் இல்லை, பேச்சு நடக்கிறது என்றேன். "எங்கம்மா பங்கைப் பத்தி யாராவது பேசுதியளா?" இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கு வேண்டாம்யா. நான் என்ன கொண்டுபோகப் போறேன். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா? எங்கம்மா சாவுற வரைக்கும் அந்த வீட்டை 'எங்க வீடு'ன்னுதான் சொல்லுவா" என்றார். பிள்ளைகளுக்கு எதுவும் புரியவில்லை, டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் மூத்தவன் மன்னாருக்குக் காரில் கூட்டிப்போனான். புத்தளம், அநுராதபுரம் சுற்றி நாள் முழுக்கப் பயணம். நீர்கொழும்புக்கும் புத்தளத்துக்கும் நடுவிலே இருக்கிற சிலாபம் என்ற ஊர்ப் பெயரே சலாபம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மன்னாரில் ஒரு வேடிக்கை. நீர்கொழும்பு வரைக்கும் அவன் எனக்கு வழிகாட்டி. மன்னாரில் எல்லாரும் தமிழ், கடைக்காரர், போலீஸ்காரர் தவிர. அங்கே நான் அவனுக்கு வழிகாட்டி. அவன் தன்னுடைய நாட்டிலேயே என் பின்னால் நடந்து வந்தான்.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. இந்த மூன்று ஊரும் இன்றைக்கு வெறும் மணலும் பனையும். அரிப்பில் நோர்த் என்ற ஆங்கிலேய கவர்னர் 1800-களின் தொடக்கத்தில் சலாபத்தை மேற்பார்க்கக் கட்டிய மாளிகை இடிந்து கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. சலாபம் நடக்கிற வருஷங்களில் இந்த மணலில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு நகரமே எழும்பும். நம்ம பரதவர், கீழக்கரைக்காரர், அரபுக்காரர் எல்லாரும் குளிக்க வருவார்கள். காலில் கல்லைக் கட்டி ஏழெட்டுப் பாகம் இறங்கி, ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து, கூடையில் சிப்பியை வாரிப் போட்டுக் கயிறை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடிக்கிற ஆள் தூக்குவான். கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், ஏனென்றால் அக்கா தாலி அவன் கையில். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடும் கடல்கட்டிக்குத் தனிக் கூலி. எடுத்ததை மூன்று கூறாக்கி இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளிக்கிறவர்களுக்கு. 1905-ல் 8 கோடிச் சிப்பிக்கு மேல் எடுத்து, சர்க்காருக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வந்தது. மறுவருஷம் 20 வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விட்டார்கள். சில வருஷத்திலேயே சிப்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை.

எங்கள் தோணிக்காரருடைய அப்பா அந்த 1905 சலாபத்தில் குளித்தவர் என்பது வீட்டுப் பேச்சு. அந்தக் காசில் வாங்கிய மனையில்தான் வீடு. மரிச்சுக்கட்டி மணலில் நின்றுகொண்டு இதை மல்லியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கீழே குனிந்து மணலைக் கிளறினான். நூறு வருஷத்துக்கு முந்தைய சிப்பி ஓடு இன்னும் தூள் தூளாகக் கிடக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். பிறகுதான் கேட்டான், "அய்யா, நேற்று ராத்திரி அம்மா உங்களிடம் என்ன கேட்டார்கள்?" சொன்னேன். கார் அநுராதபுரம் தாண்டும் வரைக்கும் அவன் பேசவில்லை.

ஊர் திரும்பி அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கத்தினார். "பாதியா? பாதியாலே?" என்று நாலு தடவை கேட்டார். தம்பி, சின்னம்மாதான் வேண்டாம் என்கிறாரே, கையெழுத்து வாங்கி விடலாமே என்றான். சட்டப்படி அது முடியும். கொழும்பில் இந்தியத் தூதரகத்தில் போய்ச் சான்று பெற்று விடுதலைப் பத்திரம் அனுப்பலாம். என் அபிப்பிராயம் வேறு. வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்க வேண்டுமானால், முதலில் இதோ உங்கள் பங்கு என்று நாம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு வருஷம் இதே பேச்சு. வீடு பூட்டியே கிடந்தது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவிலிலும் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. இன்னும் சில இடங்களையும் சேர்த்து 250 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நான் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், அண்ணன் என் வீட்டு வாசலில் நிற்கிறார். "நம்பரைக் குடு" என்றார். எனக்கு முன்னால் அவரே போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார். கிடைத்தபோது மல்லி எடுத்தான். அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "அம்மா? அம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் வேறு கோவிலுக்குப் போயிருந்தார்கள், எல்லாரும் பத்திரம். பக்கத்துத் தெருவில் மூன்று சவப்பெட்டி.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பங்கு கொடுப்பதைப் பற்றியும் பேசுவதில்லை. ஆனால் வீட்டுக்கு ஓடு மாற்றினார், கழிப்பறை கட்டினார். என்னிடம் கணக்குக் காட்டும்போது செலவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எதிரே "நீர்கொழும்பு" என்று எழுதியிருந்தார். அதை வசூலிக்கவா, விட்டுவிடவா என்று நான் கேட்கவில்லை.

வருகிற ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு அவர்கள் வருகிறார்கள். சின்னம்மாவுக்கு எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலியில்தான் விமானம் ஏறுவார். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர். மதுரையில் இறக்கி வேனில் கூட்டி வருகிறோம். பத்து நாள் அந்த வீட்டில்தான் தங்குகிறார்கள். பேச வேண்டியதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வக்கீலையும் வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு சிக்கல். அண்ணனுக்குச் சிங்களம் தெரியாது, மருமகள்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் போதாது. எல்லாவற்றுக்கும் சின்னம்மாவையே மொழிபெயர்க்கச் சொன்னால் அவர் களைத்துவிடுவார். நம்ம பழைய மாணவர்களில் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், ஆகஸ்ட் மூன்றாம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்குக் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். விலாசம் செயலாளரிடம் இருக்கிறது.